செல்போனில் தன்மதிப்பீட்டுப் பயிற்சி: எங்கே கோட்டை விடுகிறோம்?

பன்னிரண்டு சொற்கள் செல்போன் திரையில் அரை நிமிடம் தெரிகின்றன. மறைந்ததும் கேள்வி வருகிறது: "இதில் எத்தனை சொல் நினைவிருக்கும்?" பயிற்சி செய்பவர் 10 என்று தட்டுகிறார். சோதித்துப் பார்த்தால் 6 தான் சரி. இந்தப் பயிற்சிக்கு வேண்டிய எண் 10 இல்லை, 6-ம் இல்லை. நடுவில் நிற்கிற 4. கணிப்புக்கும் விடைக்கும் உள்ள அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் பயிற்சி.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா), பைபோலார் (மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறுவது) போன்ற கோளாறுகள் உள்ளவர்களில் பலருக்குத் தங்கள் திறனைத் தாங்களே எடைபோடுவது தடுமாறுகிறது. அமெரிக்காவில் பிலிப் ஹார்வி, கோலின் டெப், ஏமி பிங்கம் ஆகியோரின் ஆய்வுகள் இந்த இடைவெளியைத் தனியாக எடுத்துப் பார்த்தன. வேலை, வீட்டுப் பொறுப்பு, மற்றவர்களோடு பழகுவது ஆகியவற்றில் வரும் சிக்கலுக்கு நினைவாற்றல் குறைவு மட்டும் காரணமில்லை. இந்தத் தப்புக்கணக்கும் சேர்ந்தே காலை வாருகிறது. ஆறு சொல் நினைவில் நிற்கும் என்று தெரிந்தவர் சாமான் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். பத்து நிற்கும் என்று நம்புகிறவர் வெறுங்கையோடு போவார்.

இது புரியாமல் பயிற்சியைத் தொடங்குவதுதான் முதல் தவறு. வீட்டார் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்: "நேற்று 6, இன்று 7, தேறிட்டான்." ஆனால் நேற்று 7 என்று கணித்து 6 எடுத்தவர், இன்று 12 என்று கணித்து 7 எடுத்திருந்தால் இந்தப் பயிற்சியில் பின்னால் போயிருக்கிறார். நினைவாற்றல் விளையாட்டுச் செயலிகளை இதற்குப் பதிலாகக் கொடுப்பதும் இதே குழப்பம்தான். அவற்றில் பெரும்பாலும் கணிப்பைக் கேட்கும் இடமே கிடையாது.

இடைவெளியைக் குறித்து வைக்கும்போது கூட்டல், கழித்தல் குறியோடு எழுதுங்கள். 10 கணித்து 6 எடுத்தால் +4. 3 கணித்து 7 எடுத்தால் −4. வாரக் கடைசியில் வெறும் சராசரி போட்டால் இரண்டும் அடிபட்டுப் பூஜ்யம் வரும். அந்த ஆள் துல்லியமாகக் கணிக்கிறார் என்று காகிதம் பொய் சொல்லும். குறியோடு ஒரு சராசரி, குறியை நீக்கி ஒரு சராசரி என இரண்டும் வேண்டும். முதலாவது எந்தப் பக்கம் சாய்கிறார் என்று சொல்லும், இரண்டாவது எவ்வளவு தூரம் விலகுகிறார் என்று சொல்லும்.

மொத்தமாக ஒரே ஒரு கேள்வி கேட்டு நிறுத்துவது இன்னொரு தவறு. ஒவ்வொரு விடைக்கும் "எவ்வளவு உறுதி?" என்று கேட்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழு நடத்திய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: தவறான விடையை மிகுந்த உறுதியோடு சொல்வது மனச்சிதைவில் அதிகம். அந்த 'உறுதியான தப்பு'களைத் தனியே எண்ணாவிட்டால் பயிற்சியின் பாதிப் பயன் போய்விடும். உறுதியைக் கேட்க 0 முதல் 100 வரை அளவுகோல் வைத்தால் பலர் 100-ஐயே தட்டிக்கொண்டிருப்பார்கள். வாய்ப்பேச்சில் உள்ள நாலு படி போதும்: 'கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்', 'அநேகமாகச் சரி', 'பாதிக்குப் பாதி', 'குருட்டாம்போக்கு'. கடைசிப் படியைத் தேர்ந்தெடுப்பது தோல்வி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று குறிப்பதற்கும் இங்கே பாராட்டு உண்டு.

கடினத்தின் அளவிலும் கவனம் வேண்டும். ஆறு சொல் பட்டியலில் தினமும் ஆறும் சரியாக வந்தால் கணிப்பும் ஆறு, விடையும் ஆறு. கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. எடுத்தவுடன் 18 சொல் கொடுத்தால் எல்லாமே ஊகமாகிவிடும், மூன்றாம் நாள் செல்போனைத் தள்ளி வைத்துவிடுவார். பத்துக்கு ஆறு முதல் எட்டு வரை சரியாக வருகிற மட்டத்தில் வைத்திருங்கள். அதைத் தாண்டினால் 6 சொல்லிலிருந்து 12, பிறகு 18. ஒரே பட்டியலை மறுபடி காட்டவும் கூடாது. மனப்பாடம் ஆன பட்டியல் மனப்பாடத்தைத்தான் அளக்கும்.

அதிகம் காணப்படும் சேதம் விடை காட்டும் இடத்தில் நடக்கிறது. சிவப்புப் பெருக்கல் குறி, 'டொய்ங்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் அம்மாவின் குரல்: "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" அடுத்த சுற்றில் அவர் வேண்டுமென்றே குறைத்துக் கணிப்பார், திட்டு விழாது என்பதற்காக. எண்கள் நெருங்கும், திறன் வளர்ந்திருக்காது. சோதனை முடிந்த உடனே இரண்டு எண்ணையும் அருகருகே காட்டுங்கள்: "நீங்கள் சொன்னது 10, வந்தது 6." பிறகு ஒரே ஒரு கேள்வி: "அடுத்த முறை எத்தனை என்று போடுவீர்கள்?" அவ்வளவுதான். அவர் மறுபடி 10 என்றால் விட்டுவிடுங்கள். பின்னூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் அதே கணிப்பில் நிற்பதும் இந்தச் சிக்கலின் ஒரு பகுதி; அது மாறச் சில வாரங்கள் ஆகும்.

அவருடைய நம்பிக்கைகளை உடைக்கும் சுத்தியலாக இந்தப் பயிற்சியைத் தூக்குவது பெரிய தவறு. "சொல் பட்டியலிலேயே தப்பு பண்ற, பக்கத்து வீட்டுக்காரர் உன்னை வேவு பார்க்கிறார்னு மட்டும் எப்படி சரியா சொல்ற?" என்று கேட்ட நொடியில் பயிற்சி முடிந்துவிட்டது. சூடில்லாத விஷயங்களில் தொடங்கி, "நான் உறுதியாக இருந்தும் தப்பலாம்" என்ற அனுபவம் சேரட்டும். அதை நம்பிக்கைகளின் பக்கம் நகர்த்துவது சிகிச்சையாளர் வேலை.

எல்லோரும் தங்களைக் கூட்டித்தான் மதிப்பிடுவார்கள் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. குறைத்து மதிப்பிடுகிறவர்களும் உண்டு. லேசான மனச்சோர்வு உள்ளவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிடத் துல்லியமாக இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதன் மறுபக்கத்தை மறக்கவே கூடாது. தன் நிலை தெளிவாகத் தெரியத் தெரிய மனம் சோர்ந்து போகலாம். எனவே தினமும் மனநிலை பற்றி ஒரு கேள்வி சேருங்கள். இடைவெளி சுருங்கும் அதே வாரத்தில் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற சொல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனை. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ் 14416, இலவசமாக, 24 மணி நேரமும் கிடைக்கிறது.

இனி செல்போன். இந்தக் கோளாறுகளுக்குத் தரப்படும் ஓலான்சபின், க்ளோசபின் போன்ற மாத்திரைகளை இரவில் போடுகிறவர்களில் பலருக்குக் காலையில் தலை தூக்க முடியாது. எட்டு மணிக்கு நோட்டிஃபிகேஷன் வைத்தால் மயக்கத்தைத்தான் அளக்கிறீர்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தை அவரிடமே கேட்டு, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை வையுங்கள். தவறிய வேளையை இரவில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பக் கூடாது. விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். பூட்டிய திரையில் நோயின் பெயர் தெரியக் கூடாது. வீட்டில் எல்லோரும் எடுக்கிற போன் என்றால் தம்பி விளையாட்டாகப் பதில் தட்டிவிடுவான், அதையும் கவனியுங்கள். தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயம் உள்ளவரிடம் செயலி எதையெல்லாம் பதிவு செய்கிறது என்று திரையைத் திறந்து காட்டுங்கள். இருப்பிடம், மைக், கேமரா அனுமதியை அவர் கையாலேயே அணைக்கச் சொல்லுங்கள்.

செல்போனோடு நின்றுவிட்டால் செல்போனில் மட்டும்தான் தேறுவார். வாரம் இரண்டு நிஜ வேலைகளையும் இதே முறையில் கணிக்க வையுங்கள்: "பட்டியல் இல்லாமல் கடைக்குப் போனால் எட்டில் எத்தனை சாமான் வாங்கி வருவாய்?" "இந்த வாரம் எத்தனை வேளை மாத்திரை தவறியது?" பதிலைச் சொன்ன பிறகு அவரே பையையும் மாத்திரை அட்டையையும் எண்ணட்டும். நீங்கள் எண்ணினால் அது போலீஸ் வேலை.

மருந்துக்கு மாற்றாகச் செயலியை நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஃபிலிப்பா காரெட்டி குழு, அவசர முடிவுகளை நிதானப்படுத்தும் 'ஸ்லோமோ' சிகிச்சையை 361 பேரிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டது. அதில் செயலி தனியாக இல்லை; சிகிச்சையாளருடன் 8 அமர்வுகள் இருந்தன, வழக்கமான சிகிச்சையும் தொடர்ந்தது. அப்படியிருந்தும் ஆய்வின் முக்கிய முடிவாக வைத்திருந்த 24-ஆம் வார அளவீட்டில் சந்தேக உணர்வு குறைந்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. 12-ஆம் வாரத்தில் குறைந்திருந்தது. செயலியை மட்டும் டவுன்லோடு செய்து கையில் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த +4, −4 தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். பேசுவதைப் பயிற்சி செய்தவரே பேசட்டும்.