அணைக்காமல் வைத்த வேப் கருவி: பேட்டரியைக் கொல்லும் தவறுகள்

லண்டனில் என் நண்பர் ஒருவர் போன மாதம் பேனா வடிவ வேப் கருவி (இ-சிகரெட்) ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூன்று வாரம் இழுப்பறையில் கிடந்ததாம். இப்போது சார்ஜே ஏறவில்லையாம். பிரித்து மல்டிமீட்டரை வைத்தேன். 1.4 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டிய லித்தியம் அயான் செல் அது.

"அணைத்துவிட்டுத்தானே வைத்தீர்கள்?"

"சார்ஜ் தீர்ந்து அதுவே அணைந்துவிட்டது. நான் எதற்கு அணைக்க வேண்டும்?"

பலரும் செய்யும் தவறு இதுதான். விளக்கு சிமிட்டி நின்றுபோவதால் கருவி அணைந்ததாகாது. செல் ஏறக்குறைய 3.2 வோல்ட்டுக்கு இறங்கியதும், இனி காயிலை (திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளை) சூடாக்க மாட்டேன் என்று உள்ளே இருக்கும் சிப் மறுக்கிறது, அவ்வளவே. சிப் விழித்துக்கொண்டுதான் இருக்கும். செல்லின் அடியில் மிஞ்சிய சார்ஜைத்தான் அது குடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல்லின் கொள்ளளவு 350 மில்லி ஆம்பியர் மணி. சும்மா இருக்கும்போது சிப் இழுப்பது 0.1 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் அணைக்காமல் வைத்தால் 3,500 மணி நேரம், கிட்டத்தட்ட ஐந்து மாதம் தாங்கும். அதே கருவியில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் 350 மணி நேரம். இரண்டே வாரம். நிறைந்த குடத்தில் ஒரு சொட்டு ஒழுகினால் கவலையில்லை. அடியில் தங்கிய கையளவு தண்ணீரில் ஒழுகினால் குடம் காய்ந்துவிடும். ஆகவே அணைக்க மறக்கக் கூடாத நேரம் சார்ஜ் தீர்ந்த நேரம்தான். நாம் மறப்பதும் அப்போதுதான். பெரும்பாலான பொத்தான் கருவிகளில் ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அணையும். திரை உள்ளவை இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

காய்ந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் போதாதா? 2 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். நல்ல சார்ஜர் இப்படிப்பட்ட செல்லை ஏற்க மறுப்பது பழுதால் அல்ல, நம் நன்மைக்கு. இன்னொரு பேட்டரியை ஒயரால் இணைத்து 'உயிர் கொடுக்கும்' வீடியோக்களைப் பார்த்து யாரும் கை வைக்க வேண்டாம். நண்பரும் அதைத்தான் கேட்டார். முடியாது என்றேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரே நாளில் சார்ஜ் தீர்ந்தால் அணைக்காததன்மேல் பழி போடுகிறார்கள். 350 மில்லி ஆம்பியர் மணி செல்லில் சுமார் 1.3 வாட் மணி ஆற்றல்தான் இருக்கிறது. பத்து வாட்டில் மூன்று விநாடி இழுப்பு என்றால் ஏறக்குறைய 150 இழுப்பில் அது காலி. குடித்தது நீங்கள், சிப் அல்ல. ஆனால் யாரும் தொடாமலே ஓர் இரவில் பாதி இறங்கினால் அது வேறு கதை. பொத்தான் இல்லாத, இழுத்தாலே இயங்கும் கருவிகளில் திரவம் கசிந்து, இழுப்பை அறியும் உணரியை நனைத்திருக்கலாம். யாரும் இழுக்காமலே காயில் சூடாகும். அதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.

அணைக்காமல் சட்டைப் பையில் போடுவதில் பேட்டரி இறங்குவது சின்ன நஷ்டம்தான். சாவிக் கொத்து பொத்தானை அழுத்தினால் காயில் சூடாகும். பல கருவிகள் எட்டு, பத்து விநாடியில் தானாக நிறுத்திக்கொள்ளும்; எந்தச் சிப்பும் இல்லாத 'மெக்கானிக்கல்' வகைக்கு அந்தக் காவல் கிடையாது. கழற்றக்கூடிய செல்லைத் தனியாகச் சில்லறையோடு போடுவது இன்னும் மோசம். 18650 எனப்படும் உருளை வடிவ செல்லின் உடல் முழுவதுமே எதிர்முனை (நெகட்டிவ்). மேலே சுற்றிய மெல்லிய உறைதான் காப்பு. உறை கிழிந்திருந்தால் ஷார்ட் ஆக ஒரு நாணயம் போதும்.

விமானப் பயணத்தில் கருவியைச் சரக்குப் பெட்டியில் வைக்க 2015 முதல் தடை இருக்கிறது. கைப்பையில்தான், அதுவும் அணைத்து, தற்செயலாக இயங்காதபடி வைக்க வேண்டும். விமானத்துக்குள் சார்ஜ் செய்யவும் கூடாது. சென்னைக்கு வருகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்: இந்தியாவில் இ-சிகரெட் இறக்குமதியும் விற்பனையும் 2019 முதல் தடைசெய்யப்பட்டவை. (நிக்கோட்டினையே விட்டுவிடலாமே என்றும் நண்பரிடம் சொன்னேன். சிரித்தார்.)

நீண்ட நாள் எடுத்துவைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் வைப்பதும் செல்லை மெல்ல முதுமையாக்கும். கார் டாஷ்போர்டு கூடவே கூடாது.

செத்த கருவியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தும் வேப்புகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்ட பிறகு, சார்ஜ் செய்யும் வகைக்குப் பலர் மாறியிருக்கிறார்கள். அங்கே வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். நண்பரின் பேனாவும் அப்படித்தான் போயிற்று, முனைகளில் டேப் ஒட்டியபடி.