அமெரிக்க லைசென்ஸுக்கு சென்னையில் கைரேகை: நாள் எங்கே போகிறது, எப்படி மிச்சம் பிடிப்பது

போலீஸ் வேலையில் இருந்த காலம் முழுக்க கைரேகைப் பிரிவில்தான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வேப்பேரி பக்கம் ஒரு சின்ன அறையில் மை, கண்ணாடி, ரோலர் சகிதம் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்க லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நர்ஸுகள். மீதி பேர் பிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட், டீச்சர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ரிசல்ட் எத்தனை நாள்ல வரும் சார்?"

உங்கள் பேரில் குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரேகை கேட்கிறார்கள். அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கணினி உங்கள் ரேகையைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல பெரும்பாலும் ஒரு நாள்கூட ஆகாது. உங்கள் கைரேகை கார்டு அந்தக் கணினிக்குள் போய்ச் சேருவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. அமெரிக்காவிலேயே இருப்பவர் லைவ் ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கண்ணாடியில் விரலை வைத்தால் ரேகை நேராக மாநில போலீஸுக்கும், அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கும் எஃப்.பி.ஐ. மையத்துக்கும் மின்வழியாகவே போய்விடும். நமக்கு அந்த வசதி கிடையாது. காகித அட்டையில் மை வைத்து எடுத்து அனுப்ப வேண்டும். அது கடல் தாண்டிப் போய், அங்கே யாரோ உறையைப் பிரித்து, ஸ்கேன் செய்து, மாநில போலீஸின் வரிசையில் நின்று, அதற்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ.க்குப் போகும். முடிவு நேராக, லைசென்ஸ் கொடுக்கும் மாநில போர்டுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. போர்டிலும் அதை உங்கள் ஃபைலில் சேர்க்க ஒரு ஆள் வேண்டும்.

கூரியரில் போட்ட நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ரேகை தெளிவில்லை என்று திரும்பினால் இன்னொரு முழுச் சுற்று. அங்கே இருக்கும் வரிசையை நாம் குறைக்க முடியாது. கார்டு திரும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் சென்னையில் உட்கார்ந்து நாம் செய்யக்கூடியது.

முதலில் போர்டு அனுப்பிய மெயிலை வரி விடாமல் படியுங்கள். எல்லா மாநிலமும் கைரேகை கேட்பதில்லை. கேட்கிற மாநிலங்களுக்குள்ளும் வழி ஒன்றல்ல. சில போர்டுகள் தங்கள் ஓ.ஆர்.ஐ. எண் அச்சிட்ட கார்டைத் தாங்களே அனுப்பும். முடிவு யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வது அந்த எண்தான். டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்களில் ஐடென்டோகோ என்ற கைரேகைச் சேவை நிறுவனத்தில் முன்பதிவு செய்து பணம் கட்டி, பார்கோடு உள்ள தாளையும் கார்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பதிவு செய்யாமல் கார்டை மட்டும் அனுப்பினால் அது யாருடைய கார்டு என்றே அங்கே தெரியாது.

இன்னொன்று: எஃப்.பி.ஐ. தளத்தில் 18 டாலர் கட்டித் தனிநபர் அறிக்கை வாங்கலாம். ஏஜென்ட் சொன்னார் என்று அதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அது நமக்கு நாமே பார்த்துக்கொள்ளவும், வேறு நாட்டு விசா போன்ற தேவைகளுக்கும்தான். மாநில லைசென்ஸுக்கு மாநிலம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று எஃப்.பி.ஐ.யே சொல்கிறது. பாஸ்போர்ட் ஆபீஸ் தரும் பி.சி.சி.யும் (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) வேறு விஷயம்; அது நம் ஊர்ப் பதிவைப் பற்றியது. போர்டு அதையும் கேட்டால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் இவற்றில் ஒன்றில் அப்பாயின்ட்மென்ட் எடுங்கள். வீடு மாறியிருந்தால் போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள். கைரேகை கார்டு போய்க்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிடலாம்.

ரேகையை யார் எடுக்கலாம் என்பதும் மெயிலில் இருக்கும். பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரியின் கையெழுத்து, சீல் கட்டாயம் என்று போட்டிருந்தால் என்னிடம் வந்து பயனில்லை. அதைப் படிக்காமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கும் சங்கடம்.

இனி கை. நர்ஸுகளின் விரல்தான் எங்களுக்குப் பெரிய சோதனை. நாள் முழுக்க கிளவுஸ், மணிக்கு நாலு தரம் ஹேண்ட் ரப், சோப்பு. ரேகை மேடு தேய்ந்து, தோல் வறண்டு, குறுக்கே வெடிப்புக் கோடு ஓடும். ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் ஒரு பெண் நைட் ட்யூட்டி முடித்து நேராக வந்தாள். வலது கட்டைவிரல் சக்கரம், ஆட்காட்டி விரல் சங்கு என்று அவளுக்கே தெரியும், சின்ன வயதில் பாட்டி பார்த்துச் சொன்னதாம். ஆனால் மை வைத்து உருட்டினால் சக்கரத்தின் நடுவே வெறும் வெள்ளை. லென்ஸ் வைத்துக் காட்டினேன். ஒரு வாரம் ராத்திரி தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிப் படுத்துவிட்டு, ட்யூட்டி இல்லாத நாளில் வரச் சொன்னேன். அடுத்த முறை கோடு கோடாக விழுந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ரேகை எடுக்கும் அன்று மட்டும் எண்ணெயோ கிரீமோ கூடாது, மை ஒட்டாது. சானிடைசரும் வேண்டாம். மே மாதமானால் காலையிலேயே வந்துவிடுங்கள். வியர்த்த விரலில் மை கரைந்து கோடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மருதாணி வைத்திருக்கிறேனே என்று பயப்படுகிறார்கள். மை ரேகைக்குச் சிவப்பு நிறம் ஒரு தடையே இல்லை. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறட்டும், பிறகு வாருங்கள்.

எடுக்கிறவரையும் கவனியுங்கள். மையைக் கண்ணாடியில் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி மெல்லிசாகப் பரப்ப வேண்டும். திட்டாக இருந்தால் கார்டில் கறுப்புப் பொட்டுதான் விழும். கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை உடம்பை விட்டு வெளிப்பக்கமாகவும், நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டில் உருட்ட வேண்டும். ஓரத்தில் இருக்கும் டெல்டா, அதாவது கோடுகள் பிரிந்து முக்கோணம் மாதிரி தெரியும் இடம், விழாவிட்டால் சங்கா சக்கரமா என்று பிரிக்கவே முடியாது. கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நீங்களே உருட்ட உதவினால் இழுத்துவிடும். "கையை என்கிட்ட விட்டுடும்மா, ஜன்னலைப் பாரு" என்பேன். கார்டின் ஏதாவது ஒரு கட்டத்தில் ரேகை சரியாக விழவில்லை என்றால் ஒட்டும் திருத்தப்பட்டி போட்டு மறுபடி எடுக்கலாம்; ஒரு கட்டத்துக்கு இரண்டுக்கு மேல் போடக் கூடாது. கீழ் வரிசையில் நாலு விரலையும் சேர்த்து அழுத்தி எடுப்பது, மேலே உருட்டியது அந்தந்த விரல்தானா என்று சரிபார்க்கத்தான். இடது வலது மாறிப்போன கார்டு நிச்சயம் திரும்பும்.

மேல் பகுதியில் இருக்கும் விவரக் கட்டங்களை நிறையப் பேர் அலட்சியமாக நிரப்புகிறார்கள். ரேஸ் என்ற கட்டத்தில் இந்தியன் என்று நினைத்து 'ஐ' போட்டுவிடுகிறார்கள். அது அமெரிக்கப் பழங்குடியினருக்கான எழுத்து. நமக்கு 'ஏ'. பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும்: 1996 ஏப்ரல் 7 என்றால் 04/07/1996. உயரம் அடி, அங்குலத்தில். ஐந்தடி மூன்று அங்குலம் என்றால் 503. எடை பவுண்டில், 58 கிலோ என்றால் 128. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமனே விடுங்கள், ஆதார் எண்ணை எழுதி வைக்காதீர்கள்.

பெயர்தான் நம் ஊர்க்காரர்களுக்குத் தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணத்தில் கணவர் பெயர். போர்டு விண்ணப்பத்தில் எப்படிக் கொடுத்தீர்களோ எழுத்து பிசகாமல் அப்படியே கார்டிலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் முதலில் வரும். பழைய பெயர்களை ஏலியஸ் கட்டத்தில் போடுங்கள். கையெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டுக்கொண்டு வராதீர்கள், ரேகை எடுப்பவர் முன்னால்தான் போட வேண்டும்.

இரண்டு கார்டு எடுத்துக்கொண்டு, மை நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து அனுப்புங்கள். மடிக்கவே கூடாது. முகவரியில் போஸ்ட் பாக்ஸ் எண் மட்டும் இருந்தால் தனியார் கூரியர் பொதுவாக எடுக்காது. ராஜாஜி சாலை ஜி.பி.ஓ.வில் கேட்டுப் பாருங்கள். அனுப்புவதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு சேர்ந்துவிட்டது என்று டிராக்கிங் காட்டினால் உறை அந்தக் கட்டிடத்துக்குப் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். அதற்கு மறுநாளே போர்டுக்கு மெயில் அடிக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் உங்கள் போர்டல் கணக்கில் அசைவே இல்லை என்றால் அப்போது கேளுங்கள்.

திரும்பினாலும் பதற வேண்டாம். புதுக் கார்டு எடுத்து, அவர்கள் அனுப்பிய கடிதத்தின் நகலோடு அனுப்புங்கள். ரேகைத் தரம் போதாது என்று எஃப்.பி.ஐ. இரண்டாவது தடவையும் நிராகரித்தால், பெயரை வைத்துத் தேடும் முறை ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. மாநிலம்தான் கேட்க வேண்டும், அதுவும் இரண்டாவது நிராகரிப்பிலிருந்து 90 நாளுக்குள். போர்டு தானாகச் செய்யும் என்று இருந்துவிடாமல், இரண்டு நிராகரிப்புக் கடிதங்களிலும் இருக்கும் எண்களைக் குறிப்பிட்டு அன்றைக்கே மெயில் போடுங்கள். நிராகரிப்புக் கடிதத்தை ஏஜென்டிடமே விட்டுவிடாமல் ஒரிஜினலை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.