புதிதாக வாங்கிய பெடல் ஸ்டீல் கிட்டாரை முதல்முறை சரிசெய்வது எப்படி?

பெடலை மிதித்தும் நெம்புகோலை முழங்காலால் தள்ளியும் தந்திகளின் சுருதியை மாற்றும், கால்களில் நிற்கும் கிட்டார் இது. பெட்டியைத் திறந்தால் கிட்டார் பெரும்பாலும் கவிழ்ந்த நிலையில்தான் இருக்கும். அப்படியே விட்டு நான்கு கால்களையும் திருகி, பெடல் பாரை (பெடல்கள் வரிசையாக உள்ள சட்டம்) முன்கால்களில் மாட்டி, அப்புறம் நிமிர்த்துங்கள். பெடல்களைக் கிட்டாரோடு இணைக்கும் கம்பிகளின் நீளம் சற்றே மாறுபடலாம் என்பதால் இடம் மாற்றி மாட்டாதீர்கள், பெடல்கள் ஏறுக்குமாறாக நிற்கும்.

உட்கார்ந்து பாருங்கள். கிட்டாரின் அடியில் தொங்கும் நெம்புகோலை உங்கள் முழங்கால் லேசாகத் தொட வேண்டும், இடிக்கக் கூடாது. உயரம் பொருந்தாவிட்டால் முதலில் நாற்காலியை மாற்றிப் பார்ப்பதே சுலபம்.

இனி சுருதி. அமெரிக்காவின் நாஷ்வில் நகர இசைக்காரர்களின் 10 தந்தி ஈ9 முறையையே (எந்தத் தந்திக்கு எந்தச் சுரம் என்ற ஏற்பாடு) எடுத்துக்கொள்வோம். இதில் சுரங்களைப் போலவே பெடல்களுக்கும் ஏ, பி, சி என்றுதான் பெயர். பெடலைத் தொடாமல் எல்லாத் தந்திகளையும் முறுக்காணியில் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏ பெடலை முழுவதும் மிதித்தபடி, வலது முனையில் உள்ள நைலான் நட்டைத் திருகி 5, 10ஆம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்குக் கொண்டுவாருங்கள். பி பெடலில் 3, 6ஆம் தந்திகள் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏறும். சி பெடலில் 4ஆவது எஃப் ஷார்ப்புக்கும் 5ஆவது சி ஷார்ப்புக்கும் போகும். நெம்புகோல்களுக்கும் இதே வேலைதான்.

பெடலை விட்டதும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பவில்லையா? முறுக்காணியைத் தொடாதீர்கள். நட்டு அளவுக்கு மீறி இறுகி, ஓய்விலும் தந்தியை இழுத்துக்கொண்டிருக்கலாம். தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். நட்டு மாட்டியிருக்கும் இழுகம்பியில் மயிரிழை தளர்வு இருந்தே ஆக வேண்டும்.

3ஆம் தந்தி அடிக்கடி அறும், கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள்.