கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்: எண்ணெயும் ரத்த உறைவும் பற்றி நாம் செய்யும் தவறுகள்

தருமபுரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். போன வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர், அதில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் அவரிடம், "கீரை, எண்ணெய் ரெண்டையும் அடியோட நிறுத்திடுங்க" என்றாள். "ஏம்மா, கீரை இல்லாம களி எப்படி எறங்கும்?" என்று அவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் இதே கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டார். நானும் அவரிடம் கீரையை நிறுத்தத்தான் சொல்லியிருந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன். காய்ந்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாதே, வடை பஜ்ஜியைக் குறை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ரத்தம் கெட்டியாயிடுச்சு" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்வது

ரத்த உறைவுக்குக் கொடுக்கும் இந்த மாத்திரைகள் எதுவும் ரத்தத்தில் தண்ணீர் கலப்பதில்லை. உறைவதைத்தான் தாமதப்படுத்துகின்றன. வார்ஃபரின், அசெனோகூமரால் இரண்டும் கல்லீரலில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுக்கும். ஆஸ்பிரின், ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். நாம் சாப்பிடும் எண்ணெய் இந்த இரண்டு வழியிலும் உள்ளே வரலாம் என்பதால், எந்த வழியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் நமக்குத் தெளிவு வேண்டும்.

கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வது

வைட்டமின் கே கண்டுபிடிக்கப்பட்டதே கொழுப்பு நீக்கிய தீவனத்தால்தான். டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளுக்கு அப்படிப்பட்ட தீவனத்தைக் கொடுத்தபோது அவற்றுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. 1935-இல் அவர் அதற்கு 'கே' என்று பெயர் வைத்தார். டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து அது. கல்லீரல் 2, 7, 9, 10 ஆகிய உறைவுக் காரணிகளைச் சரியாக உருவாக்க இந்த வைட்டமின் வேண்டும். கீரையில் இது ஏராளம். அதனால் 'கீரை மாத்திரைக்கு எதிரி' என்று பாடத்தில் படித்துவிட்டு, நேராகத் தடை போட்டுவிடுகிறோம்.

நான் தடை போட்டது பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவருக்கு. வயது நாற்பதுக்குள். அவருக்கும் உலோக வால்வுதான். ஐ.என்.ஆர். என்பது ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் பரிசோதனை எண்; குறைந்தால் சீக்கிரம் உறைகிறது என்று அர்த்தம். அவருக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு, களிக்குக் கீரைக் கடைசல் செய்வதையே வீட்டில் விட்டுவிட்டார்கள். ஐ.என்.ஆர். ஏறியது, டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். எல்லாம் சரியாக நடப்பதாக நினைத்தேன். அப்புறம் ஐப்பசி மழை வந்தது. வரப்பெல்லாம் கீரை. பத்து நாள் போலப் பறித்துக் கடைந்து சாப்பிட்டிருக்கிறார். சொன்னதை மீறிவிட்டோமே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் வலது கை தூக்க வரவில்லை. வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போயிருந்தது. அன்றைக்கு ஐ.என்.ஆர். 1.4. அந்தக் கையால் அவர் பிறகு தக்காளிக் கூடையைத் தூக்கவே இல்லை.

அவர் கீரை சாப்பிட்டது தவறில்லை. நான் அவர் உடம்பை வறண்ட குட்டையாக்கி வைத்திருந்ததுதான் தவறு. வறண்ட குட்டையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினாலே மட்டம் ஏறிவிடும். நிரம்பிய ஏரியில் அதே நாலு குடம் தெரியாது. வைட்டமின் கே மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்குத்தான் ஐ.என்.ஆர். அதிகம் ஆடுகிறது. கீரை மேல் சிவப்புக் கோடு போட்ட அச்சுத்தாளை இன்றும் சிலர் நோயாளிகள் கையில் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்படிச் சொல்லுங்கள்: "வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு கீரை சாப்பிடுவீங்களோ, அதே மாதிரி சாப்பிடுங்க. அதுக்கு ஏத்த மாத்திரையை டாக்டர் கொடுப்பாரு. அளவு கூடினாலும் குறைஞ்சாலும் மறைக்காம சொல்லுங்க." மாற்றம் நடந்தது தெரிந்தால் அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எண்ணெய் மாறியதைக் கேட்காமல் விடுவது

கீரையை மட்டும் விசாரிப்பார்கள். எண்ணெய் டப்பாவை மறந்துவிடுவார்கள். கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் வைட்டமின் கே இல்லை என்றே சொல்லலாம். நல்லெண்ணெயில் கொஞ்சம். சோயா எண்ணெயிலோ 100 கிராமுக்கு 180 மைக்ரோகிராம் அளவுக்கு உண்டு. செக்குக் கடலை எண்ணெயிலிருந்து சோயாவுக்கு மாறி ஒருவர் நாளுக்கு 40 கிராம் சேர்த்தால், சுமார் 70 மைக்ரோகிராம் புதிதாக உள்ளே போகிறது. அடுப்புச் சூட்டில் அது பெரிதாகக் குறைவதும் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: இது கொழுப்பில் கரையும் வைட்டமின், எண்ணெயே இல்லாமல் கீரையை வேகவைத்துத் தின்றால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். திடீரென்று எண்ணெயை நிறுத்தச் சொல்வதும் அதனால்தான் ஆபத்து.

எந்த மாத்திரை என்று பார்க்காமல் பேசுவது

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அபிக்சபான் இவை வைட்டமின் கே வழியில் வேலை செய்வதில்லை, அவற்றைச் சாப்பிடுபவருக்குக் கீரைக் கட்டுப்பாடே கிடையாது. டாக்டர் சீட்டை வாங்கிப் படியுங்கள்.

மாத்திரைக்குப் பதில் மீன் எண்ணெய், ஆளி விதை எண்ணெய்

1970-களில் பாங், டயர்பெர்க் என்ற இரு டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்து மக்களைப் பார்த்தார்கள். கடல் உணவை நிறையச் சாப்பிடும் அவர்களுக்கு ரத்தக்கசிவு நிற்க அதிக நேரம் எடுத்தது. மீன் கொழுப்பில் உள்ள ஒமேகா-3 தட்டணுக்களுக்குள் இடம் பிடிப்பதால், அவற்றை ஒட்ட வைக்கும் திராம்பாக்சேன் ஏ2 குறைவாக உருவாகிறது. இது உண்மைதான், ஆனால் மென்மையான விளைவு. ஆஸ்பிரின் பட்ட தட்டணு, அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாளும் அந்தப் பொருளைச் செய்ய முடியாது. ஆளி விதை எண்ணெய் இன்னும் பலவீனம். அதிலுள்ள ஒமேகா-3-இல் மிகச் சிறு பங்குதான் மீனில் இருக்கும் வகையாக நம் உடம்பில் மாறும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒருவர், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்து மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆளி விதை எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவரை இதய டாக்டரிடம் அனுப்பினோம். புதிய ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்புதான்.

மாத்திரை அளவைப் பற்றி நாமே சொல்வது

கூடாது.