ஜட்ஜ் ஆக வேண்டுமா? பதிவு செய்த நாளிலிருந்தே தயாராகுங்கள்

தமிழ்நாட்டில் ஜட்ஜ் ஆக மூன்று வழி இருக்கிறது. எந்த வழி என்பதை வக்கீலாக பார் கவுன்சிலில் பதிவு செய்யும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், அனுபவக் கணக்கு அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடுகிறது.

பெரும்பாலானவர்கள் போவது சிவில் நீதிபதி தேர்வு வழி. அறிவிப்பு டி.என்.பி.எஸ்.சி.யிலிருந்து வரும், உயர் நீதிமன்றத்துக்கும் இதில் பங்குண்டு. நடுவில் பல வருடம், சட்டம் படித்து முடித்த கையோடு எழுத முடிந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது. 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றிதழில் அந்த ஊர் முதன்மை நீதிபதியின் மேலொப்பமும் வேண்டும், அதனால் சீனியரிடம் பெயருக்குச் சேர்ந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிக்காதீர்கள். ஆஜரான ஒவ்வொரு வழக்கின் எண்ணையும், வாய்தா தேதியையும், அன்று என்ன நடந்தது என்பதையும் டைரியில் எழுதி வையுங்கள்.

முதன்மைத் தேர்வில் சட்டத் தாள்களுக்குத்தான் எல்லோரும் உயிரைக் கொடுக்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தாள் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரிய தவறு. சாட்சி வாக்குமூலத்தையும் பத்திரத்தையும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றப் பழகியிருக்க வேண்டும். வீட்டு பீரோவில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருந்தால் எடுங்கள். செக்குபந்தி, ஒத்தி, போக்கியம், விடுதலைப் பத்திரம், தாவா சொத்து என்று வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் என்ன எழுதுவீர்கள்? தினமும் பத்து வரி போதும், ஆனால் கையால் எழுதுங்கள்.

இரண்டாவது வழி நேரடி மாவட்ட நீதிபதி. அதற்கு 7 ஆண்டு அனுபவம் வேண்டும். சிவில் நீதிபதியாக இருந்த காலத்தையும் வக்கீல் தொழில் காலத்தோடு சேர்த்துக் கணக்கிடலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாவது வழி உயர் நீதிமன்ற நீதிபதி: 10 ஆண்டு அனுபவம், ஆனால் தேர்வும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது. தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த கொலீஜியம் பெயரைப் பரிந்துரைக்கும், அது அரசு, உச்ச நீதிமன்றக் கொலீஜியம் என்று போய்க் கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்துக்கு வரும்.

சரி, சிவில் நீதிபதி ஆகிவிட்டால் என்ன வேலை? சின்ன தாலுகா ஊர் என்றால் சிவில் வழக்கு பார்க்கும் முன்சீப்பும் நீங்கள்தான், குற்றவியல் நடுவரும் நீங்கள்தான். காலையில் பாகப்பிரிவினை வழக்கில் குறுக்கு விசாரணை, மதியம் திருட்டு வழக்கு. முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம், அதற்கு மேல் தேவைப்படும் வழக்குகளைத் தலைமைக் குற்றவியல் நடுவரும் அமர்வு நீதிபதியும் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால் அந்த நாற்காலியின் கனம் முழுதும் ரிமாண்டில், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவதில் இருக்கிறது. கைது செய்த 24 மணி நேரத்துக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும், அதனால் ராத்திரி பதினொரு மணிக்கும் நடுவர் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்கும். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப அரை நிமிடம் ஆகாது. அப்படிச் செய்யாமல் எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, அடித்தார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று அந்த ஆளிடமே கேட்க வேண்டும், சட்டையைக் கழற்றச் சொல்லிக் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால் கைதுக்கான காரணத்தைப் போலீஸ் எழுதியிருக்க வேண்டும், அதைப் படிக்காமல் காவலில் வைக்கக் கூடாது என்று 2014லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜூனியராக இருக்கும்போதே சீனியரிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் ரிமாண்ட் நடக்கும் நேரத்தில் பக்கத்து நடுவர் கோர்ட்டில் போய் நில்லுங்கள். நடுவர் என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.