பின்பக்கம் அமுங்கிய வண்டி

நெடும்பயணத்துக்குச் சாமான் ஏற்றினாலே என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின்பக்கம் அமுங்கிவிடும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சரி, உயரம் கூட்டும் கிட் பார்க்கும் முன் எடை பார்ப்போம் என்று, டீசல், தண்ணீர், ஆட்கள் சகிதம் எடைமேடையில் முன், பின் சக்கர அச்சுகள் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டேன். கூடுதல் பாரம் முழுக்கப் பின் அச்சில்தான்.

அதனால் பின்னால் மட்டும், வண்டியில் எப்போதும் இருக்கும் பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டேன். அதிகபட்ச பாரத்துக்கு வாங்கினால் காலியாக ஓட்டும்போது முதுகு உடைந்துவிடும். ஸ்பிரிங் கடினமானால் பழைய ஷாக் அப்சார்பர் அதன் துள்ளலை அடக்காது. கரடுமுரடான பாதையில் சூடாகி, உள்ளிருக்கும் ஆயில் நுரைத்து, அடக்கும் திறனை இழக்கும். அதையும் மாற்றினேன். அப்புறம் ஹெட்லைட்டைச் சரிசெய்தேன்.

ஸ்பிரிங் மாறியதால் தயாரிப்பாளர் குறித்த மொத்த எடை வரம்பு கூடிவிடாது. விற்பவர்கள் இதை வாய்திறந்து சொல்வதில்லை.