படம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறதா?

விண்டோஸ் கணினியை எச்டிஎம்ஐயில் டிவியோடு இணைத்து ஓடிடி படம் போட்டால் சத்தம் மட்டும் வருகிறதா? புதுக் கேபிள் வாங்கும் முன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு நொடி அணைந்து வரும். திரையில் படம் காட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

நகல் தடுப்புக்கான எச்டிசிபி என்ற முறையில், கணினியும் டிவியும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே படம் போகும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது இது சில சமயம் பாதியில் நின்றுவிடும். டிரைவர் மறுபடி தொடங்கினால் சரிபார்ப்பும் பெரும்பாலும் முதலிலிருந்து நடக்கும். அப்படியும் வரவில்லையா, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

விஜிஏ கேபிளுக்கு இது உதவாது, அதில் எச்டிசிபியே கிடையாது. 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 பதிப்பு தேவைப்படும்போது, நடுவில் அதற்கு முந்தைய பழைய ஸ்ப்ளிட்டர் (ஒரு இணைப்பைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் கருவி) இருந்தாலும் பயனில்லை. அதைத் தூக்கிவிட்டு நேராக இணைக்க வேண்டியதுதான்.